மூன்று ப்ளாஷ்களும் ஒரு ரிசீவரின் தொடுமுனையும்

ப்ளாஷுக்கு ரேடியோ அலையில் கட்டளை வாங்கித் தரும் ரிசீவரை மதுரையில் பழுதுபார்க்கக் கொடுத்திருந்தேன். அது கைக்கு வந்த அன்றே மண்டபம் ஊரிலிருக்கும் நண்பரும் அழைத்தார். “அண்ணே, புது செட்டு விலை இறங்கிருச்சு. கிடக்கிற பழைய ப்ளாஷை எல்லாம் தள்ளிவிட்டுட்டு ஒரே கம்பெனில வாங்கிரவா?” என்றார். அன்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். நான்கு ஆண்டுகளாக வெவ்வேறு நிறுவனத்து ப்ளாஷ்களைக் கேமராவிலிருந்து பிரித்து, கம்பியின்றி ஒன்றாக இயக்கி வருபவன் என்ற முறையில், சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பவை 1994-இல் வெளிவந்த நிக்கான் எஸ்பி-26, 2007-இல் வந்த கேனான் 580 ஈஎக்ஸ் 2, கல்யாண மண்டபத்தின் பின்சுவருக்கு மட்டும் பயன்படும் புதியது ஒன்று. ப்ளாஷின் ஒளி எவ்வளவு எட்டும் என்று காட்டும் கைடு எண் கேனானுக்கு 58, நிக்கானுடையது 36 என்றதும் முன்னது பெரிதென்று முதலில் நானும் நம்பினேன். 58 என்பது ப்ளாஷ் தன் ஒளியைக் குறுக்கிப் பாய்ச்சும் 105 மி.மீ. ஜூமில் அளந்தது, 36 என்பது ஒளியை விரிக்கும் 35 மி.மீ. ஜூமில் அளந்தது. கேனானையும் 35-க்கு இறக்கினால் அதுவும் 36 தான்.

இவற்றைச் சேர்த்து இயக்குவதில் பெரிய வித்தை ஏதுமில்லை. கேமராவின் தலையில் ப்ளாஷைச் செருகும் ஹாட் ஷூவின் நடுவிலுள்ள உலோகத் தொடுமுனை வழியே ‘இப்போது எரி’ என்னும் ஒரே கட்டளை போகிறது. அது ஏறக்குறைய எல்லா நிறுவனத்துக்கும் பொது. கேமராவே ஒளியை அளந்து திறனை வைக்கும் டிடிஎல் போன்ற மற்றப் பேச்சுகள் அவரவர் வீட்டு மொழியில் நடப்பதால் அவற்றை மறந்துவிட்டு, ஒவ்வொன்றின் திறனையும் கையால் வைக்க வேண்டும். தானாக அணையும் வசதியையும் முன்பே நிறுத்திவிட வேண்டும், ஏனெனில் தூங்கிப்போன ப்ளாஷை அந்த ஒற்றைக் கட்டளை எழுப்பாது.

தனுஷ்கோடி மணலில் நண்பகலில் மணமக்களை நிறுத்திப் பார்த்தவருக்கே இரண்டு ப்ளாஷின் அருமை புரியும். ஐஎஸ்ஓ 100, ப்ளாஷோடு என் கேமராவின் ஷட்டர் ஒத்துப்போகும் உச்ச வேகமான (சின்க் வேகம்) 1/200 நொடி என்று வைத்தால், அந்த வெண்மணல் லென்ஸ் துளையை எஃப்/16-க்குச் சுருக்கச் சொல்கிறது. கைடு எண் 36-ஐ எஃப் எண் 16-ஆல் வகுத்தால் 2.25 மீட்டர், ஒரு ப்ளாஷ் முழுத்திறனில் எரிந்தும் அவ்வளவுதான் எட்டும். ஒரே ஸ்டாண்டில் இரண்டையும் கட்டினால் ஏறக்குறைய 3.2 மீட்டர் கிடைக்கிறது, ஸ்டாண்டும் படத்துக்குள் வராமல் தப்புகிறது. இங்கேதான் எஸ்பி-26 என்னை வியக்க வைத்தது. மற்றொரு ப்ளாஷ் எரிவதைக் கண்டு தானும் எரியும் ஒளிக்கண் அதன் உடம்பிலேயே இருக்கிறது. உச்சி வெயிலில் தொலைவிலுள்ள ஒளிக்கு அது கண் திறக்காது என்றாலும், பக்கத்தில் கட்டிய கேனானைப் பார்த்து ஒருமுறைகூடத் தவறியதில்லை. ஒரேயொரு குறை, விருந்தாளி ஒருவரின் கேமரா ப்ளாஷ் மின்னினாலும் அது கூடவே மின்னிவிடும். மண்டபத்துக்குள் அந்தக் கண்ணை அணைத்தே வைக்கிறேன்.

இனி அந்த ரிசீவருக்கு வருகிறேன். ரேடியோ அலையில் குறையே இல்லை. கூட்டத்தைத் தாண்டியும், சுவர் மறைத்தாலும் கட்டளை வந்து சேர்கிறது, ரிசீவரின் விளக்கும் கண் சிமிட்டுகிறது, ஆனால் ப்ளாஷ் எரிவதில்லை. ப்ளாஷின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் உடனே எரிகிறது. ஆகவே பழி இரண்டுக்கும் நடுவில் இருக்கும், கடுகளவே ஆன அந்தத் தொடுமுனையைத்தான் சேரும். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் உப்புப் படிந்து, துடைத்த மறுநாளே அது பச்சை பூக்கிறது. பென்சில் ரப்பரால் தேய்த்தேன், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு டப்பாவில் அடைத்தேன், இரண்டாவதாக ஒரு ரிசீவரும் வாங்கினேன். அடுத்த ஆடியில் அதுவும் பச்சை பிடித்தது. ரிசீவரில் பொருத்திய கேனான் எரியாவிட்டால் அதைப் பார்த்து எரிய வேண்டிய நிக்கானும் இருண்டுவிடுகிறது என்பதால், ஒரு புள்ளி உப்புக்கு இரண்டு ப்ளாஷும் பலி. முழு வெயிலில் மணப்பெண் மூன்றாம் முறையாக முந்தானையைச் சரிசெய்து நின்றபோது நான் ரப்பரைத் தேடிக்கொண்டிருந்தேன். உப்புக்காற்றில் படகின் இரும்பே நிற்பதில்லை, பொம்மை போன்ற இந்தப் பொருள் என்ன செய்யும் என்று நியாயம் பேசலாம்தான். பேச மனம் வரவில்லை. கடலோரத்தில் விற்கிறவர்கள் தொடுமுனைக்கு ஒரு மூடியாவது கொடுத்திருக்கலாம்.

ரிசீவரே ப்ளாஷுக்குள் அமைந்த செட்டில் இந்த இடைத் தொடுமுனை கிடையாது. எனவே நண்பருக்கு, விற்றுவிட்டு ஒரே நிறுவனத்தில் வாங்குங்கள் என்றே பதில் அனுப்பிவிட்டேன். அவர் விற்கப்போகும் பழையவற்றுள் எஸ்பி-26 இருந்தால் முதலில் எனக்குச் சொல்லும்படியும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.