பூட்டின் தொடக்கத்திலேயே கெர்னல் விழுந்தால்: சீரியல் கேபிளா, க்யூஎமுவா?

"ஸ்டார்ட்டிங் கெர்னல்" என்று யூ-பூட் (கெர்னலை, அதாவது லினக்ஸின் மையக் கருவை, ஏற்றிவிடும் நிரல்) சொன்னது. அதோடு சரி, போர்டு பேசுவதைக் கணினித் திரைக்குக் கொண்டுவரும் சீரியல் கேபிளில் அப்புறம் ஒரு எழுத்துகூட வரவில்லை. மேசையில் ஒரு ஆர்ம்64 (64-பிட் ஆர்ம் செயலி) போர்டு, வெளியே மூன்றாம் எண் புயல் எச்சரிக்கை. மொரீஷியஸில் மூன்று ஏறிவிட்டால் அலுவலகமும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது. காத்ர் போர்ன் வீட்டில் நானும் சித்தி மகனும் அடைந்து கிடந்தோம்.

"எதுக்குண்ணே இந்தக் கேபிளோட மல்லுக்கட்டுறீங்க? க்யூஎமுல ஓட்டி ஜிடிபியை மாட்டுங்க" என்றான்.

அவன் சொன்னதிலும் நியாயம் உண்டு. க்யூஎமு என்பது மென்பொருளாலேயே ஆன போலிக் கணினி, ஜிடிபி என்பது நிரலை அடியடியாக நிறுத்திப் பார்க்கும் கருவி. க்யூஎமுவில் கெர்னலை முதல் கட்டளையிலேயே நிறுத்தி வைத்து, 1234 போர்ட் வழியாக ஜிடிபியை இணைக்கலாம். பக்க அட்டவணை (மெய்நிகர் முகவரிக்கு உண்மை முகவரி சொல்லும் பட்டியல்) போடுவதை, எம்எம்யூ (அந்த மாற்றத்தைச் செய்யும் வன்பொருள்) இயங்கத் தொடங்குவதை ஒவ்வொரு அடியாகப் பார்க்கலாம். சீரியலில் எர்லிகான் (சீக்கிரமே செய்தி அச்சிட வைக்கும் பூட் அளவுரு) போட்டாலும் இந்தக் கட்டம் தெரியாது. கெர்னல் செட்டப்_ஆர்ச் என்ற ஃபங்ஷனுக்குள் போய்த் தன் பூட் அளவுருக்களைப் படித்த பிறகுதான் எர்லிகானுக்கு வாய் திறக்கும். அதற்கு முன்னால் செத்தால் மௌனம்தான்.

ஜிடிபியில் இரண்டு இடத்தில் எல்லோரும் இடறுவார்கள். நோகேஏஎஸ்எல்ஆர் (பூட்டுக்குப் பூட் முகவரி மாறுவதை நிறுத்தும் அளவுரு) கொடுக்காவிட்டால் கெர்னல் வேறு முகவரியில் போய் உட்கார்ந்துகொள்ளும், சிம்பல்கள் (ஃபங்ஷன் பெயருக்கு முகவரி சொல்லும் பட்டியல்) பொருந்தா. சாதாரண பிரேக்பாயிண்ட்டும் (இங்கே நில் என்ற குறி) அங்கே உதவாமல் போகலாம். எம்எம்யூ இயங்காதபோது அந்த மெய்நிகர் முகவரியில் எழுத முடியாமல் போனால் ஹெச்பிரேக் (வன்பொருள் பிரேக்பாயிண்ட்) போட வேண்டும்.

சரி, ஓட்டினோம். க்யூஎமுவில் அதே கெர்னல் ஜம்மென்று ஷெல் வரை போனது! எனக்கு வயிறெரிச்சல், அவனுக்குச் சிரிப்பு.

மறுபடி கேபிளுக்கே வந்தேன். 115200 வேகம், பூட் வரியில் எர்லிகான், கூடவே மெம்பிளாக்=டீபக். இப்போது போர்டு பேசியது. எந்த நினைவகத் துண்டை எந்த ஃபங்ஷன் ஒதுக்கியது என்று வரிவரியாகக் கொட்டியது. மெம்பிளாக் என்பது பூட்டின்போது மட்டும் கணக்குப் பார்க்கும் தற்காலிகக் கணக்கப்பிள்ளை. மீதமிருக்கும் பக்கங்களைப் பிறகு பட்டி அலொகேட்டர் என்ற நிரந்தரக் கணக்கப்பிள்ளையிடம் ஒப்படைத்துவிடும். ஒப்படைத்த பிறகுதான் எங்கள் போர்டு விழுந்தது, அதுவும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு இடத்தில், எஸ்எரர் பானிக்கோடு (வன்பொருள் பிழையைச் செயலி தாமதமாகச் சொல்ல, கெர்னல் நின்றுவிடுவது). இடம் மாறி மாறி விழுகிற பிழையில் எங்கே போய் பிரேக்பாயிண்ட் வைப்பது?

ஜேடேக் (செயலியை நேரடியாக நிறுத்திப் பார்க்கும் வன்பொருள் இணைப்பு) இருந்திருந்தால் நிஜ போர்டு, அடியடியாகப் பார்ப்பது என இரண்டு வசதியும் கிடைத்திருக்கும். எங்கள் போர்டில் அதற்கான பின்களையே வெளியே எடுக்கவில்லை. விட்டுவிட்டோம்.

வழி காட்டியது மெம்டெஸ்ட்=1. பட்டியிடம் கொடுக்கும் முன்பே காலியான துண்டுகள் முழுவதிலும் ஒரு பேட்டர்னை எழுதிச் சோதிக்கிற கெர்னல் வசதி அது (கான்ஃபிக்கில் இயக்கி பில்ட் செய்திருக்க வேண்டும்). எப்போதோ யாரோ தொடப்போகிற கெட்ட பக்கத்தை இது முதலிலேயே தொட்டுவிடும். அப்புறம் ஐந்து முறை ஓட்டினாலும் ஒரே வரியில் விழுந்தது. அந்த வரியில் அச்சான முகவரி வரம்புக்குள்தான் பாதுகாப்பு ஃபர்ம்வேர் பிடித்து வைத்திருந்த 2 எம்பி இருந்தது. டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்னென்ன, எங்கே இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் பட்டியல்) ரிசர்வ்டு-மெமரி என்று அதைக் குறிக்க மறந்தவன் வேறு யாருமில்லை, நானேதான்.

க்யூஎமு ஏன் காட்டவில்லை? அதன் விர்ட் இயந்திரம் டிவைஸ் ட்ரீயைத் தானே எழுதிக்கொள்கிறது, நினைவகத்தையும் 1 ஜிபி முகவரியில் தொடங்குகிறது. எங்கள் ஃபர்ம்வேரும் அதில் இல்லை, என் தப்பும் இல்லை. பக்க அட்டவணைக் கோடில் கை வைத்திருந்தால் நானும் தம்பி கட்சிதான். நினைவக வரைபடத்தில் சந்தேகம் என்றால் கேபிளை எடுப்பேன்.

நோ-மேப் (கெர்னல் இதைத் தொடாதே என்ற குறி) போட்டு அந்த ரிசர்வ்டு-மெமரி கணுவை டிவைஸ் ட்ரீயில் சேர்த்து மறுபடி பூட் செய்தேன். லாகின் வரி வந்த நேரத்தில் கரண்ட் போய்விட்டது.