ஸ்பைக்குக்கும் எல்.எஃப்.பி.க்கும் குறுக்கு ஒட்டுறவு: எலிஃபன்ட் நூலகம், நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பின்

பைத்தானில் ஸ்பைக் தொடரையும் (ஒரு நியூரான் சுட்ட நேரங்கள்) எல்.எஃப்.பி. (மின்முனையைச் சுற்றிய நரம்புத் திசுவின் மெதுவான மின்னழுத்த அலை) போன்ற தொடர் சிக்னலையும் ஒப்பிட, அதாவது ஒன்றை நேரத்தில் நகர்த்தி நகர்த்தி மற்றதோடு எவ்வளவு பொருந்துகிறது என்று பார்க்க, நான் தொடர்ந்து பயன்படுத்துவது எலிஃபன்ட் என்ற நரம்புத் தரவு ஆய்வு நூலகம். கணக்கு என்னவோ ஒரே வரிதான். முடிவை நம்பலாமா என்பதைத் தீர்மானிப்பது அந்த வரிக்கு முன்னும் பின்னும் செய்யும் வேலை.

ஒவ்வொரு ஸ்பைக்கைச் சுற்றியும் ±200 மில்லிசெகண்ட் அலையை வெட்டிச் சராசரி எடுப்பதுதான் எஸ்.டி.ஏ. (ஸ்பைக்-ட்ரிகர்ட் ஆவரேஜ்). ஸ்பைக்குகளை 0, 1 வரிசையாக்கி சிக்னலோடு ஒட்டுறவு எடுத்து, ஸ்பைக் எண்ணிக்கையால் வகுத்தாலும், ஓரங்களைத் தவிர, அதே வளைவுதான் வரும். எலிஃபன்ட்டில் எனக்குப் பிடித்தது, ஜன்னலை (வெட்டும் கால அளவை) அலகோடு கொடுத்தே ஆகவேண்டும் என்பது. செகண்டா மில்லிசெகண்டா என்ற குழப்பம் வராது. பதிவின் ஓரத்தில் ஜன்னல் முழுதாக அமையாத ஸ்பைக்குகளை அது விட்டுவிடும். எத்தனை சேர்ந்தன, எத்தனை விடுபட்டன என்பது விடையோடு குறிப்பாக வரும். அதைத் தவறாமல் பாருங்கள்.

சைபை என்ற பைத்தான் நூலகத்தின் 'கோரிலேட்' மூலம் ஒட்டுறவு எடுத்தால், எதை முதலில் கொடுக்கிறோம் என்ற வரிசை முக்கியம். முதலில் சிக்னல், அடுத்து ஸ்பைக் என்றால் நேர் லேக் (பிளஸ் பக்க நேர நகர்வு) என்பது ஸ்பைக்குக்குப் பிந்தைய சிக்னல். மாற்றிக் கொடுத்தால் வளைவு இடவலமாகத் திரும்பிவிடும். வரிசையைச் சரிபார்க்க, போலி ஸ்பைக் ஒவ்வொன்றுக்கும் 20 மில்லிசெகண்ட் கழித்து சிக்னலில் ஒரு துடிப்பை வைத்து ஓட்டுங்கள். உச்சி +20-இல் வரவேண்டும். சராசரியைக் கழிக்க மறந்தால் பெரிய முக்கோணம் ஒன்று எல்லாவற்றையும் மூடிவிடும்.

30,000 ஹெர்ட்ஸ் பதிவை 1,000-க்கு இறக்கும்போது 30 சாம்பிளுக்கு ஒன்று என்று பொறுக்கக் கூடாது. ஸ்பைக்கின் உயர் அதிர்வெண் ஆற்றல் மடிந்து எல்.எஃப்.பி.க்குள் விழும். ஃபில்டர் செய்துவிட்டு சாம்பிள்களைக் குறைக்கும் சைபையின் 'டெசிமேட்'டை 5, பிறகு 6 என இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். ஒருதிசை ஃபில்டர் அலையைத் தாமதப்படுத்தும். முன்னும் பின்னும் ஓட்டும் ஃபில்டரில் அந்தத் தாமதம் இல்லை. ஆனால் ஸ்பைக்கின் கசிவு பூஜ்யத்துக்கு முன்னாலும் பரவி, அலைதான் ஸ்பைக்கைத் தூண்டியது போலக் காட்டும். பூஜ்யத்தில் சில மில்லிசெகண்ட் அகலத்தில் கூர்மையான பள்ளம் தெரிந்தால் அதே மின்முனையின் கசிவு என்றே முதலில் சந்தேகப்படுங்கள். ஸ்பைக் வடிவத்தின் மெதுவான வால் லோ-பாஸ் ஃபில்டருக்குத் தப்பிவிடும். பக்கத்து மின்முனையின் எல்.எஃப்.பி.யை எடுப்பது நல்லது.

அதிகம் ஏமாற்றுவது இரைச்சல்தான். எல்.எஃப்.பி.யின் திட்ட விலக்கம் 100 மைக்ரோவோல்ட், ஸ்பைக்குகள் 400 என்றால், எந்தத் தொடர்பும் இல்லாமலே எஸ்.டி.ஏ. சுமார் 5 மைக்ரோவோல்ட் ஆடும். எல்.எஃப்.பி.யில் மெதுவான அலைகளே மேலோங்கி இருப்பதால் அந்த ஆட்டமும் அழகான அலையாகவே தெரியும். நியூரான் கொத்துக்கொத்தாகச் சுட்டால் ஆட்டம் இன்னும் பெரிதாகும். சராசரியின் திட்டப் பிழையை மட்டும் வரைந்துவிட்டு நிறுத்தாதீர்கள். ஸ்பைக் நேரங்களைக் கலைத்து மாற்றுத் தொடர்களை உருவாக்கி ஒப்பிடுங்கள். எலிஃபன்ட்டின் 'டிதர் ஸ்பைக்ஸ்' ஒவ்வொரு ஸ்பைக்கையும் தனித்தனியாக நகர்த்தும். ±20 மில்லிசெகண்ட் கொடுத்தால் காமா (வேகமான அலை) தொடர்பு அழியும், தீட்டா (மெதுவான அலை) தொடர்பு பெரும்பாலும் தங்கிவிடும்; ஆகவே தீட்டாவைச் சோதிக்க இந்த அளவு உதவாது. கொத்துகளின் இடைவெளி குலையாமல் இருக்க, தொடர் முழுவதையும் சுழற்றி நகர்த்துவதே என் தேர்வு. 1,000 மாற்றுத் தொடர்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் எல்லா லேகுகளுக்குமான உச்சத்தைக் குறித்து, அதன் 95-ஆவது சதமானத்தை எல்லைக்கோடாக வையுங்கள். தூண்டல் கொடுத்த சோதனையில் இதுவும் போதாது; ட்ரயல்களை (தூண்டலைத் திரும்பத் திரும்பக் கொடுத்த சுற்றுகளை) மாற்றிப் பொருத்தி, அதாவது ஒரு ட்ரயலின் ஸ்பைக்கை இன்னொன்றின் எல்.எஃப்.பி.யோடு சேர்த்து, அதில் வரும் ஒட்டுறவைக் கழிக்கவேண்டும்.

ஸ்பைக்-ஃபீல்ட் கோஹெரன்ஸும் (ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் ஸ்பைக்கும் அலையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு) இதே நூலகத்தில் உண்டு. ஸ்பைக் எண்ணிக்கை மாறினாலே அதன் மதிப்பும் மாறிவிடும். இரண்டு நிலைகளை ஒப்பிடும்போது, அதிகம் உள்ள பக்கத்திலிருந்து ஸ்பைக்குகளைக் குலுக்கல் முறையில் நீக்கி எண்ணிக்கையைச் சமமாக்கிவிட்டு ஓட்டுங்கள்.