ஸ்பிதி செல்வோர் கவனத்திற்கு: கடைசி நேரத்தில் பாதையை மாற்றினால் ஏற்காதீர்கள்

இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் மலையேற்றமும் கூடாரத் தங்கலும் சேர்ந்த ஒன்பது நாள் பயணத்துக்காக, ஆளுக்கு 26,000 ரூபாய் வீதம் ஒரு பயண நிறுவனத்திடம் நானும் என் தம்பியும் பணம் கட்டினோம். சிம்லாவில் தொடங்கி, கல்பாவிலும் தாபோவிலும் இரவு தங்கி, காசாவில் இரண்டு நாள் இருந்து, இறுதியாகச் சந்திரதால் ஏரியைப் பார்த்துவிட்டு மணாலி வழியாக இறங்குவதாகத் திட்டம் எழுதித் தந்தார்கள். உயரம் சிறிது சிறிதாகக் கூடுவதால் உடல் பழகிக்கொள்ளும் என்பதற்காகவே அந்தத் திட்டத்தை நான் தேர்ந்தெடுத்தேன்.

புறப்படுவதற்கு முந்தைய இரவு, சிம்லாவிலிருந்து ஸ்பிதிக்குப் போகும் கின்னௌர் சாலையில் நிலச்சரிவு என்றும், ஆகவே மணாலியிலிருந்து எதிர்த்திசையில் தொடங்குவதாகவும், பார்க்கும் இடங்களில் மாற்றமில்லை என்றும் தகவல் அனுப்பினார்கள். ஆகஸ்ட் மாதத்தில் அங்கே மலை சரிவது வழக்கம் என்பதால் நம்பிவிட்டேன். இடங்கள் மாறவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஏறத்தாழ 2,050 மீட்டர் உயரத்திலுள்ள மணாலியில் காலையில் வண்டி ஏறிய நாங்கள், அன்றிரவே சந்திரதால் அருகே ஏறத்தாழ 4,250 மீட்டர் உயரத்தில் படுத்தோம். 3,000 மீட்டருக்கு மேல் போனபின் உறங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் அடிப்படை விதி.

இரவு பத்து மணிக்குத் தம்பிக்குத் தலைவலியும் வாந்தியும் தொடங்கின. நள்ளிரவில் எழுந்து நடந்தபோது கால்கள் தள்ளாடின. அது மூளையில் நீர் கோப்பதன் அறிகுறியாக இருக்கலாம் என்றும், உடனே கீழே இறக்குவதே மருந்து என்றும் படித்திருந்ததால் எனக்குக் கைகால் நடுங்கிவிட்டது. அவர்கள் கொடுத்த ஆக்சிஜன் சிலிண்டர் காலியாக இருந்தது. அங்கே கைபேசிக்குச் சிக்னலும் இல்லை. வழியிலுள்ள ஓடைகளை இருட்டில் கடக்க முடியாது என்று ஓட்டுநர் மறுத்தார். அதில் அவர்மீது குற்றமில்லை, பனியுருகிய நீர் பிற்பகலில் பெருகி விடியற்காலையில்தான் வடியும். இரவில் இறங்க வழியில்லாத இடத்தில் முதல் நாளே எங்களைத் தங்கவைத்தவர்கள்மீதுதான் குற்றம். விடிந்ததும் மணாலி வழியிலுள்ள கோக்சர் கிராமம் வரை, ஆயிரம் மீட்டருக்கும் மேல் இறங்கிய பிறகே தம்பி தெளிந்தான்.

பக்கத்துக் கூடாரத்தில் இருந்த குடும்பம் அதே வாரத்தில் கின்னௌர் வழியாகத் தடையின்றி வந்தவர்கள். மணாலியிலிருந்து கிளம்பிய வேறொரு குழுவோடு எங்களைச் சேர்த்தால் இரண்டு இரவுத் தங்கல் செலவு மிச்சம் என்பதே மாற்றத்துக்குக் காரணம் என்று ஓட்டுநர் பிறகு சொன்னார். ‘ஏரிக்கரையில் கூடாரம்’ என்ற விளம்பரமும் பொய்தான்: சந்திரதால் 2005 முதல் ராம்சர் என்ற சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள ஈரநிலம், அதன் கரையில் கூடாரமிட அனுமதியில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, மலை நோய்க்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று பதில் வந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் அளித்திருக்கிறேன். முன்பணம் கட்டியிருப்பவர்கள் ஒவ்வோர் இரவும் தங்கும் ஊரையும் அதன் உயரத்தையும் எழுத்தில் வாங்குங்கள். மணாலி வழியாகத்தான் போக வேண்டும் என்றால் சந்திரதாலைப் பயணத்தின் கடைசிக்குத் தள்ளச் சொல்லுங்கள். வண்டி கிளம்பும் முன்பே சிலிண்டரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.