"உணவு ஆலோசனை வழங்கப்பட்டது" என்று எழுதியிருக்கும், நம்பிவிடாதீர்கள்

எடை கூடிவிட்டது என்று டாக்டரைப் பார்க்கப் போகிறவர்கள், அதிலும் இன்னும் சர்க்கரை நோய் வராதவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

நானும் என் அக்காவும் ஒரே மருத்துவமனைக்குத்தான் போகிறோம். இருவருக்குமே பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், 34-ஐ ஒட்டி. 30-ஐத் தொட்டாலே உடல் பருமன் என்பது பொதுவான கணக்கு. அக்காவுக்குச் சர்க்கரை உண்டு, எனக்கு பிரஷர் மட்டும். அக்காவை டயட்டீஷியனிடம் அனுப்பினார்கள். அந்த அம்மா நிதானமாக உட்காரவைத்து, எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள், வீட்டில் சமைப்பது யார், இரவில் தூக்கம் எப்படி, என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள் என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு, அடுத்து எப்போது வர வேண்டும் என்பதையும் குறித்துக் கொடுத்தார்.

எனக்குக் கிடைத்தது, "வெயிட்டைக் குறைங்க, சாப்பாட்டைக் குறைங்க." சொல்லும்போதே டாக்டரின் கை அடுத்த ஆளின் சீட்டை எடுத்துவிட்டது. எதைக் குறைப்பது என்று கேட்டேன். "எல்லாத்தையும்தான்" என்றார். அவ்வளவுதான் ஆலோசனை.

பிறகு காப்பீட்டு வேலைக்காக என் கேஸ் ஷீட்டின் நகலை வாங்கினேன். அதில் "உணவு, உடற்பயிற்சி ஆலோசனை வழங்கப்பட்டது" என்ற வரிக்கு நேராக அழகாக ஒரு டிக். அக்காவின் ஷீட்டிலும் அதே வரி, அதே டிக். காகிதத்தைப் பார்ப்பவருக்கு இருவரும் ஒரே கவனிப்பைப் பெற்றவர்கள்.

நோய் வந்தவர்களுக்குத்தான் முதலில் நேரம் ஒதுக்க முடியும் என்று ஒரு நியாயம் சொல்வார்கள். கூட்டம் அப்படி, மறுக்கவில்லை. ஆனால் விஷயமே தலைகீழாக இருக்கிறது. 2002-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வெளிவந்தது. அதில் சேர்க்கப்பட்டவர்கள் சர்க்கரை நோய் இன்னும் வராமல், விளிம்பில் நின்றவர்கள். எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் உடற்பயிற்சி, கூடவே விடாமல் பின்தொடரும் ஆலோசகர். இதைப் பெற்றவர்களிடம் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுத்தவர்களிடம் 31 சதவீதம்தான். அதாவது நோய் வருவதற்கு முன்னால் ஒழுங்காகக் கொடுக்கப்படும் ஆலோசனைக்கு மாத்திரையைவிட வேகம் அதிகம். அந்தக் கட்டத்தில் இருப்பவரைத்தான் ஒரே வரியில் அனுப்பிவிடுகிறார்கள். வயது குறைவாக இருந்தால் இன்னும் மோசம். "சின்ன வயசுதானே, நடங்க, சரியாயிடும்."

சரி, மருத்துவமனையில் கிடைக்காததைக் காசு கொடுத்தாவது வாங்குவோம் என்று ஓர் எடைக் குறைப்பு மையத்துக்குப் போனேன். உண்மையான ஏமாற்று அங்கேதான். கதவில் "டயட்டீஷியன்" என்று பலகை. என்ன படித்தவர், எங்கே பதிவு செய்தவர் என்று எங்கும் இல்லை. பணம் முழுவதையும் முன்கூட்டியே கட்டச் சொன்னார்கள். கட்டியதும் ஒரு தாளைக் கொடுத்தார்கள். ஜெராக்ஸ். மேலே இருந்த பெயரை வெள்ளை மை போட்டு மறைத்திருந்தார்கள், எடையை மறைக்க மறந்துவிட்டார்கள்: 92 கிலோ. என் எடை அது இல்லை. யாருக்கோ எழுதிய சாப்பாடு, நாளுக்கு 800 கலோரி, இரண்டு வேளைக்கு அவர்களே விற்கும் பவுடர்.

800 கலோரி என்பது மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் இறங்கக் கூடாத ஆழம். எடை வேகமாகக் கரைந்தால் பித்தப்பையில் கல் உண்டாகும் வாய்ப்புகூட ஏறும். பிரஷர் மாத்திரை போடுகிறேனா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் உட்கார்ந்து எழுந்தாலே கண் இருட்டியது. போன் செய்தால், "உடம்புல இருக்கற நச்சு வெளியேறுது சார், நல்ல அறிகுறி" என்கிறார்கள். வேறொரு டாக்டர் பார்த்துவிட்டு, சாப்பாடும் எடையும் திடீரென்று இறங்கியதில் ரத்த அழுத்தம் மிகவும் தாழ்ந்திருக்கிறது என்று மாத்திரையின் அளவைக் குறைத்தார். எனக்கு மயக்கத்தோடு போயிற்று. இன்சுலினோ சில வகைச் சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவர் இந்தத் தாளைப் பின்பற்றினால் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். அக்காவிடம் இதைக் கொடுத்திருந்தால் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

எங்கள் டயட் மட்டும்தான் வேலை செய்யும் என்று யாராவது அடித்துச் சொன்னால் உடனே எழுந்துவிடுங்கள். 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கொழுப்பைக் குறைத்தும் இன்னொரு பிரிவுக்கு மாவுச்சத்தைக் குறைத்தும் ஓராண்டு பார்த்த ஆய்வு 2018-இல் வெளியானது. எடைக் குறைவில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. எந்த டயட் என்பதைவிட, உங்களால் எதை விடாமல் தொடர முடியும் என்பதைக் கேட்கிறவர்தான் வேலை தெரிந்தவர்.

டாக்டரிடம் போகும்போது, போடுகிற மாத்திரை எல்லாவற்றையும் கையோடு எடுத்துப்போங்கள். ஸ்டீராய்டு, மனநலத்துக்கான சில மருந்துகள், இன்சுலின் எல்லாம் எடையைக் கூட்டக்கூடியவை. அதைப் பார்க்காமல் சாப்பாட்டை மட்டும் குறை சொல்வது பாதி வைத்தியம். அப்புறம், "என்னை டயட்டீஷியனுக்கு எழுதிக் கொடுங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கூச்சமே வேண்டாம். பிஎம்ஐ 30 அல்லது அதற்கு மேல் உள்ள பெரியவர்களைத் தீவிரமான, பல அம்சங்கள் கொண்ட ஆலோசனைக்கு அனுப்ப வேண்டும் என்பது அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழுவின் 2018 பரிந்துரை. பலன் தந்த திட்டங்களில் பெரும்பாலானவற்றில் முதல் ஆண்டில் 12 அல்லது அதற்கு மேற்பட்ட அமர்வுகள். ஒரு வரியும் ஒரு டிக்கும் அதில் சேராது.

மருத்துவமனையில் நான் எழுத்தில் கேட்ட பிறகு டயட்டீஷியனிடம் தேதி கொடுத்துவிட்டார்கள். அந்த மையம் பணத்தைத் திருப்பித் தரவில்லை. ரசீதையும் அந்த ஜெராக்ஸ் தாளையும் இணைத்து நுகர்வோர் குறைதீர்ப்புக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன். இதுபோல் வேறொருவர் பெயரை மறைத்த தாள் உங்களிடமும் இருந்தால் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், புகாருக்கு அதுதான் ஆதாரம்.