"சமையல்தான் காரணம்" என்றார்கள்: ஹவுசிங் ஒம்புட்ஸ்மன் சேவை, என் அனுபவம்

லண்டனில் ஒரு ஹவுசிங் அசோசியேசன் (குறைந்த வாடகைக்கு வீடு கொடுக்கும் இலாப நோக்கற்ற அமைப்பு) வீட்டில் 11 வருடமாக இருக்கிறோம். 2023 குளிர்காலத்தில் மகளின் அறையில், கட்டில் தலைமாட்டுப் பக்கச் சுவரில் பூஞ்சணம் பிடித்தது. துடைத்தால் பத்து நாளில் திரும்ப வரும். அலுமாரிக்குள் தொங்கிய பள்ளிச் சீருடையின் தோள்பட்டையிலும் கறுப்புப் புள்ளி.

ஜனவரியில் அசோசியேசனிலிருந்து பார்க்க வந்தவர் சுவரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. "அதிகம் சமைக்கிறீர்கள், உடுப்பை உள்ளே காயப்போடுகிறீர்கள், யன்னலைத் திறந்து வையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு எனக்கு அழுகையே வந்தது.

வீட்டு நிர்வாகத்தின் மீதான முறைப்பாடுகளை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் சுயாதீன அமைப்பான ஒம்புட்ஸ்மன் பற்றிச் சொன்னது மேல்மாடி அக்கா. இங்கிலாந்தில் கவுன்சில், அசோசியேசன் வீடுகளில் இருப்பவர்களுக்கு இந்தச் சேவை இலவசம், சட்டத்தரணியும் தேவையில்லை. ஆனால் முதலில் நிர்வாகத்திடம் இரண்டு கட்ட முறைப்பாட்டையும் முடிக்க வேண்டும். முறைப்பாட்டை ஏற்றதிலிருந்து முதல் கட்டத்துக்குப் பதில் தர 10 வேலைநாள், அடுத்ததுக்கு 20. 2024 ஏப்ரல் 1 முதல் இது சட்டப்படி கட்டாயம். அந்த மாதக் கடைசியில் நான் எழுதினேன். முதல் பதில் ஏழாவது வாரம்தான் வந்தது, அதிலும் அதே சமையல் கதை.

ஈரமும் பூஞ்சணமும் பற்றி ஒம்புட்ஸ்மன் 2021இல் ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறார். 'இது வாழ்க்கைமுறை அல்ல' என்பதுதான் அதன் தலைப்பே. இரண்டாம் கட்டக் கடிதத்தில் அதை அப்படியே எழுதினேன். அதுவும் சரிவராமல்தான் ஒம்புட்ஸ்மனிடம் போனேன்.

அங்கே திகதியோடு 43 படம் கொடுத்தேன். என் சமையலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நிர்வாகம் எப்போது வந்தது, என்ன செய்தது என்றுதான் கேட்டார்கள். தீர்ப்பு எங்கள் பக்கம். மன்னிப்பு, நட்டஈடு, அப்புறம் கட்டிடத்தைச் சோதிக்க ஒழுங்கான சர்வேயர். கூரைப் பீலி வெடித்து மழைத்தண்ணீர் சுவருக்குள் இறங்கியிருந்தது!

இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் பூஞ்சண வீட்டில் வாழ்ந்து 2020 டிசம்பரில் இறந்த 2 வயது அவாப் இஷாக்கின் பெற்றோரிடமும் வாழ்க்கைமுறை என்றுதான் பழி போட்டார்கள். அந்தப் பெற்றோர் விடாமல் பேசியதால்தான் அவாப் சட்டம் வந்தது. 2025 ஒக்டோபர் 27 முதல், கடுமையான ஈரம், பூஞ்சணம் என்றால் நிர்வாகம் 10 வேலைநாளுக்குள் வந்து பார்க்க வேண்டும், உடனடி ஆபத்து என்றால் 24 மணித்தியாலத்துக்குள்.

போனில் சொன்னாலும் அன்றே மின்னஞ்சலிலும் எழுதுங்கள். நிர்வாகத்தின் கடைசிப் பதில் வந்து 12 மாதத்துக்குள் ஒம்புட்ஸ்மனிடம் போய்விட வேண்டும், அந்தத் திகதியைக் குறித்து வையுங்கள்.