விஆர் ஹெட்செட்டும் எம்எஸ்ஸும்: இரண்டு வருட அனுபவம்

காய்காரர் வண்டியை நிறுத்திவிட்டு, "தக்காளி நாப்பது, கத்திரி முப்பது, கீரை பதினஞ்சு, எண்பத்தஞ்சு குடுங்கக்கா" என்று ஒரே மூச்சில் சொல்வார். நான் தக்காளியிலேயே நின்றுவிடுவேன். ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டி, மீதியை எண்ணாமல் வாங்கிக்கொண்டு உள்ளே வருவேன். எம்எஸ் (மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் என்ற நரம்பு நோய்) உள்ளவர்களுக்கு இது புரியும். கணக்கு மறக்கவில்லை, நேரம் கொடுத்தால் சரியாகப் போடுவேன். நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறை சிதைந்த இடங்களில் தகவல் மெதுவாகத்தான் போகும். கால் தடுமாறினால் வீட்டில் ஓடிவந்து பிடிக்கிறார்கள். இந்தத் தாமதம் கண்ணுக்குத் தெரியாததால் "உனக்குக் கவனமே இல்ல" என்கிறார்கள். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

தம்பி சிங்கப்பூரிலிருந்து வந்தபோது தான் பயன்படுத்திய விஆர் ஹெட்செட்டை, அதாவது கண்ணை மூடி மாட்டிக்கொண்டால் மெய்நிகர் உலகைக் காட்டும் கருவியை, கொடுத்துவிட்டுப் போனான். நரம்பியல் டாக்டரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் கேட்டுவிட்டுத்தான் அதில் விளையாடத் தொடங்கினேன்.

தொடக்கமே தப்பாகப் போனது. உட்கார்ந்த இடத்திலிருந்தே காட்டுக்குள் நடப்பது போன்ற ஒரு விளையாட்டு. நடக்கிறோம் என்று கண் சொல்கிறது, இல்லை என்று உள்காது சொல்கிறது. ஏற்கெனவே சமநிலை சரியில்லாத எனக்கு மூன்றே நிமிடத்தில் தலைசுற்றல். அரை நாள் படுத்தே கிடந்தேன். அப்புறம்தான் பீட் சேபர் என்ற விளையாட்டுக்கு மாறினேன். அதில் நாம் நகர்வதில்லை, பாட்டின் தாளத்துக்குக் கட்டைகள்தான் நம்மை நோக்கி வரும். சிவப்பை இடது கையால், நீலத்தை வலது கையால், அம்புக்குறி காட்டும் திசையில் வெட்ட வேண்டும். நிறம், கை, திசை மூன்றையும் ஒரே நொடியில் முடிவு செய்தாக வேண்டும். எனக்குக் குறைந்திருந்தது சரியாக அதுதான்.

எம்எஸ் உள்ளவர்கள் சில செட்டிங்குகளை மாற்றியே ஆக வேண்டும். பாட்டை மெதுவாக்கலாம், குனிய வைக்கும் சுவர்களை எடுத்துவிடலாம், தவறவிட்டாலும் ஆட்டம் நிற்காமல் வைக்கலாம். நான் கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்துதான் ஆடுகிறேன். முன்பு பார்வை நரம்பு அழற்சி வந்ததால் என் வலது கண்ணுக்குச் சிவப்பு வெளுத்துத் தெரியும். பல வாரம் சிவப்புக் கட்டைகளையே அதிகம் தவறவிட்டேன், இடது கை பலவீனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நிறத்தை மஞ்சளாக மாற்றியதும் பாதித் தவறுகள் போய்விட்டன.

அடுத்தது சூடு. உடல் வெப்பம் கொஞ்சம் ஏறினாலே மயலின் இழந்த நரம்புகள் தற்காலிகமாகத் தடுமாறும். 1890-லேயே ஊட்டாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர், உடலை வருத்திய பிறகு பார்வை தற்காலிகமாக மங்குவதை எழுதி வைத்தார். திருச்சியில் ஏப்ரல், மே என்றால் சொல்லவே வேண்டாம். முகத்தில் அரைக் கிலோ பெட்டி வேறு. விடியற்காலையில், ஏசி போட்டு, குளிர்ந்த தண்ணீர் குடித்து, கழுத்தில் ஈரத்துண்டோடு 12 நிமிடம், வாரம் நான்கு நாள். கரண்ட் போனால் அன்றைக்கு விடுமுறை. ஒருநாள் 30 நிமிடம் ஆடிவிட்டு மறுநாள் முழுக்கப் பேச்சே குழறியது. அதிலிருந்து அலாரம் வைக்காமல் ஆடுவதில்லை.

சரி, மூளை வேகம் கூடியதா? என் டாக்டர் எடுக்கும் எஸ்டிஎம்டி என்ற சோதனையில் ஒன்பது குறிகளுக்கு ஒன்பது எண்கள் கொடுத்திருப்பார்கள். 90 நொடியில் எத்தனை குறிக்குச் சரியான எண் சொல்கிறோம் என்பதே மதிப்பெண். நான்கு மதிப்பெண் மாறினால் பொருட்படுத்த வேண்டிய மாற்றம் என்பார்கள். எனக்கு 41 இருந்தது, இப்போது 46. ஆனால் அதே சோதனையைத் திரும்பத் திரும்ப எழுதும் பழக்கத்தாலும் மதிப்பெண் ஏறும் என்று டாக்டர் சொன்னார். எல்லாவற்றையும் ஹெட்செட் கணக்கில் எழுத நான் தயாரில்லை.

ஆய்வுகளும் ஒரே பக்கம் பேசவில்லை. வந்துபோகும் வகை எம்எஸ் உள்ள 124 பேரை வைத்துச் செய்த ஆய்வில், டிரெட்மில்லில் வெறுமனே நடந்தவர்களைவிட, திரையில் மெய்நிகர் தடைகளைப் பார்த்துத் தாண்டி நடந்தவர்களுக்கு எஸ்டிஎம்டி கூடுதலாக ஏறியது. நடை வேகம் இரு தரப்புக்கும் கூடியது. காக்எக்ஸ் என்ற பெரிய ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது. 6 நாடுகளில், படிப்படியாக முற்றிக்கொண்டே போகும் வகை எம்எஸ் உள்ள 311 பேர், 12 வாரம். உடற்பயிற்சியையும் மூளைப் பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்கள் மற்றக் குழுக்களைவிட முந்தவில்லை. அதைப் படித்த அன்று மனசு விட்டுப்போனது உண்மை. ஆனாலும் நிறுத்தவில்லை. வீட்டு உடற்பயிற்சி எதையும் இரண்டு மாதத்துக்கு மேல் தொடராத நான் இதை இரண்டு வருடம் செய்திருக்கிறேன். மருந்தும் பிசியோதெரபியும் அப்படியே தொடர்கின்றன.

வாங்க நினைப்பவர்கள் முதலில் யாரிடமாவது இரவல் வாங்கி ஐந்து நிமிடம் போட்டுப் பாருங்கள். வலிப்பு வந்தவர்களும் இரட்டைப் பார்வை உள்ளவர்களும் டாக்டரிடம் கேட்காமல் தொடவே வேண்டாம். பின்பக்கம் எடை வைத்த பட்டை தனியாகக் கிடைக்கும், கழுத்துக்கு அது அவசியம்.

போன வாரம் காய்காரர் தொண்ணூற்றைந்து என்றார். "எண்பத்தஞ்சுதானே வருது?" என்று கேட்டேன். அவரும் ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டு, "ஆமாக்கா" என்றார்.