ஈரோட்டில் ஒரு நாள் அமைதி இதழியல் பயிற்சி: ஒரு மதிப்பீடு

பிணக்குகளை ஊடகம் எவ்வாறு மூட்டுகிறது, எவ்வாறு தணிக்கிறது என்பதைப் பற்றி மாவட்டச் செய்தியாளர்களுக்காக ஈரோட்டில் நடந்த ஒரு நாள் பயிற்சிக்கு 800 ரூபாய் கட்டிச் சென்றிருந்தேன்.

முற்பகல் முழுவதும் ருவாண்டாவைப் பற்றியே பேசினார்கள். 1993 ஜூலையில் தொடங்கிய ஆர்.டி.எல்.எம். வானொலி பாட்டாலும் கேலியாலும் நேயர்களைச் சேர்த்துக்கொண்டு, மறு ஆண்டு இனப்படுகொலையின்போது கொல்லப்பட வேண்டியவர்களின் பெயர்களையே வாசித்தது. அதன் பொறுப்பாளர்கள் 2003இல் பன்னாட்டுத் தீர்ப்பாயத்தில் தண்டனை பெற்றார்கள். இது எனக்குத் தெரிந்த கதைதான். தெரியாதது, அதே நாட்டில் 2004இல் தொடங்கிய சமரச வானொலி நாடகத்தைப் பற்றியது. அதை ஓராண்டு கேட்டவர்களின் சொந்த நம்பிக்கைகள் பெரிதாக மாறவில்லை என்றும், கலப்பு மணம் போன்றவற்றில் ஊர் எதை ஏற்கும் என்ற அவர்களுடைய கணிப்புதான் மாறியது என்றும் 2009இல் வெளிவந்த ஆய்வு காட்டியதாம். கட்டிய பணம் இந்த ஒரு செய்திக்கே சரியாகப் போயிற்று.

மதியம் அரிசிம்பருப்பு சாதம். குறை சொல்ல முடியாது.

பிற்பகலில் கீழ்பவானி வாய்க்காலின் கான்கிரீட் தளப் பிரச்சினையை எடுத்துக்கொண்டார்கள். ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடி 2,07,000 ஏக்கருக்குப் பாயும் அந்த வாய்க்காலில், தளம் போட்டால்தான் கடைமடைக்குத் தண்ணீர் வரும் என்பார் ஒரு சாரார். போட்டால் கசிவுநீர் நின்று கிணறுகள் வற்றிவிடும் என்பார் மறு சாரார். ‘ஆதரவு’, ‘எதிர்ப்பு’ என்ற இரண்டு சொற்களையும் தவிர்த்து அச்செய்தியை எழுதச் சொன்னபோது, பத்தாண்டுகளுக்கும் மேலாக இதையே எழுதிவரும் நான், கசிவுநீரை நம்பியிருக்கும் ஒரு கிணற்றுக்காரரிடம்கூட அவருடைய கிணற்றின் ஆழத்தைக் கேட்டதில்லை என்பது உறைத்தது.

குறை ஒன்று உண்டு, அது சிறியதன்று. வகுப்பில் இருந்தவர்கள் அனைவரும் களச் செய்தியாளர்கள். தலைப்பு வைக்கும் துணையாசிரியர் ஒருவர்கூட இல்லை. வாட்ஸ்அப் குழுக்களில் பரவும் காணொளித் துணுக்குகளுக்கு ஒதுக்கியதோ கடைசிப் பத்து நிமிடம். மறு வாரம், இரு தரப்பின் அச்சங்களையும் கேட்டு நான் அனுப்பிய செய்தி, ‘விவசாயிகளிடையே மோதல்’ என்ற தலைப்பில் வெளிவந்தது. துணையாசிரியர்களையும் உட்கார வைத்து இரண்டு நாள் நடத்துவதாக இருந்தால், இரட்டிப்புக் கட்டணத்துக்கும் நான் தயார்.